இடது மேசை எலிகள்

1

“எலிக்குக் குளிருச்சுன்னு எலியே புகார் குடுக்கல. நீ எதுக்குப் போய்க் குடுக்குற?”

“எலி செத்துப்போச்சு. அதனாலதான் நான் குடுக்கணும்.”

இந்தக் கதை இப்படித்தான் என் வீட்டுக்குள் வந்தது, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணிக்கு, சுவர் வழியாக. முதல் குரல் பக்கத்து வீட்டு எஞ்சினியருடையது. இரண்டாவது, அவர் மனைவியுடையது. கதைக்கரு எங்கே கிடைத்தது என்று கேட்டால் மற்ற எழுத்தாளர்கள் வாழ்க்கை, மௌனம், காலத்தின் துயரம் என்று பெரிய பெரிய முகவரிகளாகக் கொடுப்பார்கள். எனக்குக் கிடைத்தது நாலரை அங்குலச் சுவரில். கட்டியவர் செங்கல்லில் கொஞ்சம் தாராளமாக இருந்திருந்தால் தமிழில் ஒரு கதை குறைந்திருக்கும்.*

* சுவரில் காதை வைத்துக் கேட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். சுவரோரமாக ஒரு நாற்காலி இருந்தது. அதில் நான் இருந்தேன். அவ்வளவுதான்.

2

சண்டையிலேயே தொடங்குவது மரியாதையில்லை என்று தோன்றியதால் வேறு சில தொடக்கங்களை எழுதிப் பார்த்தேன்.

முதல் தொடக்கம்: நுண்ணோக்கியில் அவள் கண் பதித்தபோது ஒரு பிரபஞ்சமே அவள் முன் விரிந்—

(வேண்டாம். கதைகளில் வருகிற எல்லா விஞ்ஞானிகளுக்கும் நுண்ணோக்கியில் பிரபஞ்சம்தான் தெரிகிறது. அவளிடம் கேட்டேன், உனக்கு என்ன தெரியும் என்று. “ரோஸ் கலர் தெரியும் அக்கா. கொஞ்சம் வெளிறின ரோஸ், கொஞ்சம் அடர்த்தியான ரோஸ்” என்றாள். ஒன்பது வருடமாக ரோஸ் கலர் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.)

இரண்டாம் தொடக்கம்: மனித குலத்தின் வலியைத் துடைக்கத் தன் இளமையையே—

(இதுவும் வேண்டாம். அவள் இளமையின் பெரும்பகுதி ஒப்பந்தப் புதுப்பிப்புப் படிவங்களுக்குப் போயிருக்கிறது.)

ஆகவே நேராகச் சொல்லிவிடுகிறேன். அவளுக்கு முப்பத்தாறு வயது. முனைவர் பட்டம் வாங்கிய பிறகும் நிரந்தர வேலை கிடைக்காதவர்கள் பார்க்கிற வேலைக்கு ‘முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வாளர்’ என்று பெயர். எதற்குப் பிந்தியது என்று பெயரிலேயே இருக்கிறது. எதற்கு முந்தியது என்று மட்டும் யாரும் எழுதவில்லை. கல்யாணமாகி எட்டு வருடத்தில் ஏழு ஒப்பந்தம் மாறியவள்.

எங்கள் குடியிருப்பில் அவளுக்கு எலி டாக்டர் என்று பெயர். குடிவந்த புதிதில் கீழ்த்தளத்து ரத்த அழுத்தக்காரர், கதவில் ‘டாக்டர்’ என்று போட்டிருப்பதைப் பார்த்து, தன் ரத்தப் பரிசோதனைச் சீட்டை எடுத்துக்கொண்டு மாடியேறிப் போனார். தான் மருந்து எழுதித்தர முடியாது என்று அவள் பணிவாகச் சொல்லியிருக்கிறாள். அப்போ நீ யாருக்குத்தான் பார்ப்பாய் என்று அவர் கேட்க, உண்மை பேசுகிற கெட்ட பழக்கம் அன்றைக்கே அவளுக்கு இருந்திருக்கிறது. எலிக்கு என்று சொல்லிவிட்டாள். மாலைக்குள் மூன்று தளத்துக்கும் தெரிந்துவிட்டது. (நான் இரண்டு தளத்துக்குத்தான் சொன்னேன்.)

3

இந்தப் பாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம் வந்தது. சிறுநீரக ஆய்வைப் பிடித்துக்கொண்டு ஒருத்தி இத்தனை வருடம் தொங்குகிறாள் என்றால் வாசகர் காரணம் கேட்பார். அப்பாவைச் சிறுநீரகக் கோளாறில் சாகடிக்கலாம் என்று முடிவு செய்து ஒரு பத்தி எழுதியும் வைத்தேன். மருத்துவமனை வராந்தா, வெறித்த விழிகள், சின்னப் பெண்ணின் சபதம். பிறகு மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது பேச்சுவாக்கில் விசாரித்தேன்.

“எங்கப்பா நல்லாத்தான் இருக்காரு. தினம் நாலு கிலோமீட்டர் நடக்குறாரு. விளம்பரம் வந்துச்சு, விண்ணப்பம் போட்டேன்” என்றாள்.

பத்தி போயிற்று.

ஆனால் அவள் வேலையை விவரிக்கத் தொடங்கியபோது ஈரத் துண்டைப் பிழிய மறந்துவிட்டாள் என்பதையும் சொல்ல வேண்டும். நன்றாக இருந்த மனிதர் ஒருவர் பெரிய அறுவை சிகிச்சைக்குப் போகிறார், அல்லது உடம்பெல்லாம் கிருமி பரவி அவசரப் பிரிவில் படுக்கிறார். இரண்டே நாளில் அவருடைய சிறுநீரகம் வேலைநிறுத்தம் செய்கிறது. மருத்துவர்கள் நீர் ஏற்றுவார்கள், கருவியில் ரத்தத்தைச் சுத்தம் செய்வார்கள், தானாகச் சரியாகுமா என்று காத்திருப்பார்கள். காயத்தையே தடுக்க மருந்து? எலிக்கு நிறைய இருக்கிறது. மனிதரிடம் வந்தால் எல்லாம் காலை வாரிவிடுகிறது. அவள் தேடுவது அந்த மருந்தை.

செய்முறை இது. எலியை மயக்கி, சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தக்குழாயை ஒரு சின்னக் கிளிப்பால் அரைமணி நேரம் அடைப்பது. கிளிப்பை எடுப்பது. மறுநாள் ரத்தத்தில் கிரியேட்டினின் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்ப்பது. ஏற ஏறச் சேதம் அதிகம். பிறகு எலியின் வாழ்க்கை முடிந்து, அதன் சிறுநீரகம் ரோஸ் கலராகிவிடும். பாதி எலிகளுக்கு முன்கூட்டியே மருந்து, பாதிக்கு வெறும் உப்பு நீர். பதினோரு மாதம், எண்பது எலி. மருந்து போட்ட எலிகளுக்குச் சேதம் பாதிக்குப் பாதி குறைந்திருந்தது.

இப்படி ஒரு முடிவு அவள் துறையில் கிடைத்தால் மற்றதெல்லாம் தானே நடக்கும். நடந்தது. பெரிய ஆய்விதழ் ஒன்று கட்டுரையை ஏற்றுக்கொண்டது. நிரந்தரப் பதவிக்கான தேர்வுக் குழு மறுமாதம் கூடுவதாக இருந்தது. அவள் பெயர் முதலில் என்று பேராசிரியர் சொல்லிவிட்டார். அடுத்த கட்டடத்து மருத்துவமனையில் இருபது நோயாளிகளுக்கு அந்த மருந்தைக் கொடுத்துப் பார்க்கவும் ஏற்பாடாகியிருந்தது.

கதை இங்கேயே நின்றிருந்தால் எல்லோரும் சுகம். எனக்குத்தான் எழுத ஒன்றும் இருந்திருக்காது.

4

(இந்தப் பகுதியில் கொஞ்சம் விஞ்ஞானம் வரும்.)

ஆசை இருக்கிறவரின் கண்ணை நம்பக் கூடாது என்பது அவர்கள் தொழிலில் பாலபாடம். மருந்து ஜெயிக்க வேண்டும் என்று தவிக்கிறவருக்கு மருந்து போட்ட எலி எது என்று தெரிந்துவிட்டால், கை அந்த எலியிடம் கொஞ்சம் பதமாக நடந்துகொள்ளும். கண் அதன் சேதத்தைக் கொஞ்சம் தள்ளுபடி செய்யும். ஆகவே அவள் தெரியாமலே செய்தாள். எந்த எலிக்கு எது என்ற பட்டியல் கூண்டுக்காரரிடம் இருந்தது.

கூண்டுக்காரர் எலிகளைப் பராமரிக்கிறவர். முப்பது வயது. கழற்றிப்போட்ட செருப்பைக்கூடச் சுவரோடு கோடு பிடித்தாற்போல விடுகிறவர். பக்கத்து அறையில் மருந்து எலிகளின் கூண்டில் மஞ்சள் டேப், உப்பு நீர் எலிகளின் கூண்டில் வெள்ளை டேப் ஒட்டியிருந்தார். அந்த அறைக்குள் அவள் காலெடுத்து வைக்க மாட்டாள். அவர் இரண்டிரண்டு எலியாகக் கொண்டுவந்து, இடது மேசையில் ஒன்று, வலது மேசையில் ஒன்று வைத்துவிட்டுப் போவார். அவளுக்குத் தெரிவது எண் மட்டும்.

பதினோரு மாதம் கழித்து அவர் விடுப்பில் கிளம்பினார். போகும்முன் தன் இடத்துக்கு வந்தவருக்கு வேலையைச் சொல்லிக்கொடுத்தார். அவள் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள். கட்டுரைதான் முடிந்துவிட்டதே, இனிமேல் மறைக்க என்ன இருக்கிறது என்று கூண்டுக்காரர் குரலைத் தாழ்த்தவில்லை.

“குழப்பமே வராதுங்க. மஞ்சள் எப்பவும் இடது மேசை. வெள்ளை எப்பவும் வலது மேசை. ஒரு தடவகூட மாத்தினதில்ல.”

சொல்லிவிட்டுப் பாராட்டை எதிர்பார்த்து அவளைப் பார்த்தாராம்.

அவள் இடது மேசையைப் பார்த்தாள். அதற்கு நேர் மேலே ஏசி. அந்த மேசை நாற்காலியின் முதுகில் அவளுடைய பழுப்பு ஸ்வெட்டர் தொங்கிக்கொண்டிருந்தது. பதினோரு மாதமாக அந்த மேசைக்கு வந்தால் மாட்டிக்கொள்வாள், வலது மேசைக்குப் போனால் கழற்றிவிடுவாள்.

எலியின் அடியில் சூட்டு மெத்தை உண்டு. மெத்தையின் திரையில் முப்பத்தேழு என்று காட்டும். அது மெத்தையின் சூடு. எலிக்குள்ளே எவ்வளவு என்று அளக்கிற கம்பி இடது மேசையில் பழுதாகி, புதியதற்கு எழுதிப்போட்டு, பதில் வராமல் கிடந்தது. அன்று வலது மேசைக் கம்பியைக் கழற்றிக் கொண்டுவந்து, ஓர் எலியை மயக்கி இடது மேசையில் வைத்து அளந்தாள். மெத்தை முப்பத்தேழு. எலி முப்பத்து மூன்றரை.

குளிர்ந்த சிறுநீரகம் ரத்தம் இல்லாமலும் தாக்குப்பிடிக்கும். மாற்று அறுவைக்குக் கொண்டுபோகும் சிறுநீரகத்தை ஐஸில் வைப்பது அதனால்தான். அவள் துறையில் முதல் வருட மாணவருக்கும் தெரிந்த விஷயம். எண்பது எலியில் நாற்பதை மருந்து காப்பாற்றியதா, ஏசி காப்பாற்றியதா என்று இனி யாராலும் சொல்ல முடியாது. உண்மை தன் கண்ணில் படாதபடி அத்தனை நேர்மையாகத் திரை கட்டியவள், பிழையையும் சேர்த்துத் திரைக்குப் பின்னால் வைத்துவிட்டாள். தனக்குக் குளிர்கிறது என்று ஸ்வெட்டர் தேடத் தெரிந்திருக்கிறது. எலிக்கு யார் பின்னுவது என்று தோன்றவில்லை.

5

இப்போது ஞாயிற்றுக்கிழமைச் சண்டைக்குத் திரும்பலாம். (நாற்காலியை இன்னும் சற்று நகர்த்தியிருந்தேன். வெளிச்சத்துக்காக.)

எஞ்சினியரை வில்லனாக்கத்தான் முதலில் நினைத்தேன். மீசை கொடுத்தேன்; அவருக்கு மீசை கிடையாது. மனைவியின் முன்னேற்றம் பொறுக்காதவர் என்று ஒரு வரி போட்டேன். அவளுடைய ஆய்வக மேலங்கியைச் சனிக்கிழமைதோறும் துவைத்து இஸ்திரி போடுகிறவர் அவர்தான் என்பது ஞாபகம் வந்து வரியை அடித்துவிட்டேன். பாலம் கட்டுகிறவர். தூரத்து ஊரில் ஒரு பெரிய பாலத்துக்கு அவரை இரண்டு முறை கூப்பிட்டார்கள். அவளுக்கு நிரந்தரப் பதவி இங்கேதான் கிடைக்கும் என்று இரண்டு முறையும் வேண்டாம் என்றார். மூன்றாவது முறையாகக் கூப்பிட்டிருந்தார்கள். வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

ஆகவே அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. தான் இத்தனை வருடம் சின்னச் சின்னக் கால்வாய்ப் பாலத்துக்குக் கம்பி எண்ணிக்கொண்டிருந்தது இதற்குத்தானா என்றார். குழு கூடட்டும், பதவி கைக்கு வரட்டும், அப்புறம் நிதானமாகத் திரும்பச் செய்து பார்த்துத் திருத்தினால் போதாதா என்றார். மருந்து நிஜமாகவே நல்ல மருந்தாக இருந்துவிட்டால் நீ கெடுத்தது உன் வாழ்க்கை மட்டுமில்லை என்றும் சொன்னார். நல்ல வாதம். நானே சுவருக்கு இந்தப் பக்கம் தலையாட்டினேன்.

அவள் குரல் இறங்கியது. சண்டையில் குரல் இறங்கினால்தான் நான் பயப்படுவேன்.

“நீங்க கட்டுன பாலத்துல ஒரு போல்ட் சரியில்லன்னு உங்களுக்குத் தெரிஞ்சா?”

“சொல்லுவேன். அது வேற. மேல பஸ் போகும்.”

“இது மேலயும் பஸ் போகும். அடுத்த மாசம் இருபது பேர ஏத்துறாங்க.”

அந்தப் பக்கம் ஒரு நாற்காலி இழுபட்டது. பிறகு எஞ்சினியர், அப்படியானால் வெள்ளிக்கிழமை தான் சரி என்று சொல்லிவிடவா, நீயும் வருவாய்தானே என்று கேட்டார்.

கதையின் மிக முக்கியமான பதில் இது. அது வந்த அதே நொடியில் எங்கள் வீட்டுக் குழாயில், இரண்டு நாளாக வராத தண்ணீர், இருமிக்கொண்டு வந்தது.*

* ஓடிப்போய் மூடினேன். மூடிவிட்டு வருவதற்குள் பதில் முடிந்திருந்தது. தண்ணீர் வாரியத்துக்கு இலக்கியத்தின் மேல் என்ன கோபமோ.

6

மறுநாள் பேராசிரியரின் அறை. அங்கே எனக்குச் சுவர் கிடையாது. ஆகவே மூன்று வடிவங்கள் எழுதினேன்.

முதலாவதில் பேராசிரியர் எழுந்து நின்று, கண் கலங்கி, உன்னைப் போன்றவர்களால்தான் விஞ்ஞானம் இன்னும்— (எழுதும்போதே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.)

இரண்டாவதில் மேசையில் அடித்து, வெளியே போ என்கிறார். (இது சினிமா. அந்த மேசை கண்ணாடி மேசை. அடிக்கிற மனிதரில்லை அவர்.)

மூன்றாவது, அவளே எனக்குச் சொன்னது. பேராசிரியர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டிக்கொண்டார்.

“வேற யாருக்கும்மா தெரியும்?”

கூண்டுக்காரருக்கும் தன் கணவருக்கும் என்றிருக்கிறாள். (என்னைச் சேர்க்கவில்லை. அந்த நேரத்தில் கிட்டத்தட்ட இரண்டு தளத்துக்குத் தெரியும்.) அப்படியானால் குழு கூடும்வரை பொறுத்திருப்போம், அவசரத்தில் எடுத்த முடிவு அறிவியலுக்கு நல்லதில்லை என்று அவர் ஆரம்பித்தார். அவள் இடைமறித்து, கட்டுரையை நிறுத்திவைக்கச் சொல்லி ஆய்விதழுக்கும் மருத்துவமனைக்கும் காலையிலேயே எழுதிவிட்டுத்தான் மாடியேறி வந்தேன் என்றாள்.

அவர் மேசை நாட்காட்டியைப் புரட்டிப் பார்த்தாராம். பிறகு, ஒப்பந்தம் முடிய இன்னும் ஏழு வாரம் இருக்கிறதல்லவா, திரும்பச் செய்துகொள் என்றாராம். இருபத்து நான்கு எலிக்கு அனுமதி. குழுவுக்குக் கொடுத்த பட்டியலில் அவள் பெயர் அன்றைக்கே முதலிடத்திலிருந்து இறங்கியது. அதற்கு ஏழு நிமிடம்கூட ஆகவில்லை.

7

இந்தக் கதைக்குள் நான் வரக்கூடாது என்றுதான் இருந்தேன். அவள்தான் இழுத்துவிட்டாள்.

புதன்கிழமை சாயங்காலம் கதவைத் தட்டி, ஒட்டிய உறை ஒன்றை நீட்டினாள். இந்த முறை மருத்துவமனை மருந்தாளுநர் ஒரு பெண் ஊசிகளை நிரப்பி, ஒன்று முதல் இருபத்து நான்கு வரை எண் மட்டும் போட்டுக் கொடுத்திருந்தார். எந்த எலி எந்த மேசை என்று நாணயம் சுண்டி முடிவு செய்தார்கள். ஏசியின் வாயை அட்டை வைத்து அடைத்து, இடது மேசைக்கும் அவள் கைக்காசில் கம்பி வாங்கியாயிற்று. எந்த ஊசியில் மருந்து என்ற பட்டியல் இந்த உறைக்குள். ஆய்வகத்தில் யாரிடமும் இது இருக்கக் கூடாது. எல்லோருக்கும் ஒரு ஆசை இருக்கிறது என்றாள்.

எனக்குப் பெருமையாக இருந்தது. என் மேல் அவ்வளவு நம்பிக்கையா என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

“நம்பிக்கை இல்ல அக்கா. நீங்க பிரிச்சுப் பாத்தாலும் உங்களுக்கு ஒண்ணும் புரியாது. அதான்.”

ஐந்து வாரம் அந்த உறை என் அலமாரியில் புடவைகளுக்கு நடுவில் இருந்தது. கீழ்த்தளத்து ரத்த அழுத்தக்காரர் தினமும் விசாரித்தார். நான் திறக்கவில்லை. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தது உண்மை. உள்ளே கறுப்புத் தாள் சுற்றி வைத்திருந்தாள். என்னைப் பற்றி அவளுக்குத் திடமான ஒரு கருத்து இருந்திருக்கிறது.

இதற்கிடையில் வெள்ளிக்கிழமை வந்து போனது. எஞ்சினியர் ஒரு பெட்டியோடு கிளம்பினார். வாசலில் அவள் நின்றாள். இருவரும் சிரித்துத்தான் பேசினார்கள். என்ன பேசினார்கள் என்பது வண்டிச் சத்தத்தில் போய்விட்டது. அடுத்த சனிக்கிழமையிலிருந்து மேலங்கியை அவளே துவைத்தாள். சுருக்கத்தோடு போட்டுக்கொண்டு போனாள்.

உறையை அவளிடம் கொடுத்த அன்று மாலை மொட்டை மாடியில் காத்திருந்தேன்.

இங்கே மருந்து வேலை செய்தது என்று எழுத எனக்கு ஒரு வரி போதும். எழுதியும் பார்த்தேன்: இருபத்து நான்கு எலிகளில், மருந்து பெற்ற பன்னிரண்டும்— யார் தடுக்கப் போகிறார்கள்? எந்த ஆய்விதழும் என்னைக் கேள்வி கேட்காது. எந்த நோயாளியும் என் கதையை ஊசியில் ஏற்றிக்கொள்ளப் போவதில்லை. ஒன்பது வருடம் எறும்பு மாதிரி உழைத்தவளுக்கு ஒரு வரி தானம் செய்வதில் என்ன தப்பு?

அந்த வரியை அடித்துவிட்டேன். அவள் முகத்தில் எப்படி விழிப்பது என்பதுதான் காரணம்.

“ரெண்டு கூட்டமும் ஒண்ணுதான் அக்கா. மருந்து ஒண்ணும் பண்ணல. எல்லாம் குளிர்தான்.”

ஆறுதல் சொல்லத் தெரியாமல், அந்த இருபது பேர் தப்பித்தார்களே என்றேன். அவர்களுக்கு அது எப்போதும் தெரியப் போவதில்லை என்றாள். பிறகு, பழுதான கம்பிக்கு எழுதிப்போட்ட கடிதத்துக்கு இன்று பதில் வந்தது, அனுமதி கிடைத்துவிட்டதாம் என்று சொல்லிச் சிரித்தாள். சிரிப்பு நடுவில் வேறு மாதிரி ஆயிற்று. நான் கொடியில் துணியைத் திருப்பிப் போட்டேன். ஏற்கெனவே காய்ந்த துணிதான்.

8

முடிவு என்று ஒன்று வேண்டுமென்றால், யார் யார் என்ன ஆனார்கள் என்பதைச் சொல்கிறேன்.

நிரந்தரப் பதவி, காதிலிருந்து பாட்டுக் கருவியை எடுத்ததே இல்லாத இன்னொரு ஆய்வாளருக்குப் போயிற்று. அவருக்கு அதை மூன்று முறை சொல்ல வேண்டியிருந்ததாம்.

பேராசிரியர், ஆய்வு எலிகளின் உடற்சூட்டைக் கவனிக்காவிட்டால் என்ன ஆகும் என்று ஒரு கட்டுரை எழுதினார். நன்றாகப் பேசப்பட்டது. அவர் பெயர் கடைசியில், அதுதான் அங்கே கௌரவமான இடமாம். அவள் பெயர் மூன்றாவது.

கூண்டுக்காரர் ஊசி நிரப்பிய மருந்தாளுநரையே கல்யாணம் செய்துகொண்டு வேறு நகரத்துக்குப் போய்விட்டார். தன்னால்தான் எல்லாம் என்று அழுதவரை, நீங்கள் ஒழுங்காகத்தான் செய்தீர்கள், நான்தான் கேட்கவில்லை என்று அவள் சொன்னாளாம். அழைப்பிதழ் எனக்கும் வந்தது.

கீழ்த்தளத்து ரத்த அழுத்தக்காரர் மகள் வீட்டோடு போய்விட்டார். போகும்வரை அவளிடம் மாத்திரை கேட்டுக்கொண்டிருந்தார்.

அவளும் போனாள். ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், இரண்டு பெட்டி, ஒரு பை. பாலம் எழும்புகிற ஊருக்கு ஒரு ரயில் இருக்கிறது. அங்கே ஆய்வகம் எதுவும் கிடையாது. அதற்கு நேர் எதிர்த் திசையில் இன்னொரு நகரத்தில், இன்னொரு சிறுநீரக ஆய்வகத்தில், ஒன்பது மாத ஒப்பந்தம் ஒன்று காலியாக இருந்தது, எட்டாவது. அதற்கும் அன்று ரயில் இருந்தது. இரண்டும் அரைமணி நேர இடைவெளியில். போகும்முன் என் கையைப் பிடித்துக்கொண்டாள். வாயைத் திறந்தால் கேட்டுவிடுவேன் என்று நான் வாயையே திறக்கவில்லை.

கடிதங்களை எங்கே அனுப்ப வேண்டும் என்று, போகிறவர்கள் எல்லோரும் வாசல் காவலாளியின் நோட்டில் எழுதிவிட்டுப் போவது எங்கள் குடியிருப்பின் வழக்கம். அவளும் எழுதியிருக்கிறாள். நோட்டு அவர் மேசையில், யார் வேண்டுமானாலும் பார்க்கிற மாதிரி, திறந்தே கிடக்கிறது.

இரண்டு ஊரில் எது என்பதில் எனக்கு ஓர் ஆசை இருக்கிறது. எது என்று சொல்ல மாட்டேன். அந்த ஆசை இருக்கிறவரை எனக்கு அந்த நோட்டைப் பார்க்கிற யோக்கியதை இல்லை என்று நினைக்கிறேன். பால் வாங்கப் போகும்போதும் வரும்போதும், எதிர்ச்சுவரில் அப்படி என்னதான் இருக்கிறதோ என்பதுபோல, அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு கடந்துவிடுகிறேன். காவலாளிக்கு என் கழுத்தைப் பற்றிக் கவலை வந்துவிட்டது.

உங்களுக்கு எந்த ஆசையும் இல்லையென்றால் நீங்கள் போய்ப் பாருங்கள். பார்த்தால், தயவுசெய்து என்னிடம் சொல்ல வேண்டாம்.